விலா எலும்புக்கு ஒரு சம்மதப் பத்திரம்

மூன்று மாதமாக நூர்தீனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டி இருக்கிற கொல்லங்கோட்டில் மாம்பழ மண்டிக்காரர்களுக்குச் சாக்கும் சணலும் வைக்கோலும் விற்கிற கடை அவருடையது. கடையில் நின்றார், வீட்டில் நடந்தார், பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போனார்.

"எதுக்கு மச்சான், கால்ல சுடுதண்ணி ஊத்தின மாதிரி அலையறீங்க? செத்த நேரம் உக்காருங்க" என்பாள் ஐசும்மா.

"நானா அலையறேன்? காலு அலையுது. நான் கூடப் போறேன், அவ்வளவுதான்."

ஐசும்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் கோயமுத்தூருக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருகிறாள். தாகம் எடுத்தால் தண்ணீர் கிடையாது. ஒரு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். கையில் ஊசி குத்திக் குத்தி நரம்பெல்லாம் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டுவிட்டது.

டாக்டர் நல்ல செய்தியும் சொன்னார். "பெரியவரே, உங்களுது அவங்களுக்குச் சேருது. வர்ற இருபத்தி மூணாம் தேதி ஆபரேசன். அதுக்கு மேல தள்ள முடியாது, ஊசி போட இனி எடமில்ல. நீங்க ரெண்டு பேரும் புருசன் பொண்டாட்டின்னு ஒரு காகிதம் மட்டும் இருபதுக்குள்ள கொண்டாந்திருங்க."

"அவ்வளவுதானுங்களா?" என்றார் நூர்தீன்.

அப்படிக் கேட்டதற்காக அவர் பின்னால் பல தடவை வருத்தப்பட்டிருக்கிறார்.

காகிதம் கொடுக்கிற இடத்துக்கு 'உறுப்பு தான உறவுமுறைச் சரிபார்ப்புப் பிரிவு' என்று பெயர். ஒரு மணி நேர பஸ். மூன்றாவது மாடி. லிப்ட் கிடையாது. நோயாளி நேரில் வர வேண்டும் என்று கீழே போர்டு இருந்தது. படியேறி வந்துவிட்டால், 'ஏறித்தான் வந்துட்டாங்களே, அப்படியென்ன நோவு?' என்கிற பார்வை மேலே இருந்தது. ஐசும்மா ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று ஏறினாள். மூன்றாம் தேதி, புதன்கிழமை.

சூப்பரிண்டு பூபதிராஜா நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்பக்கம் கிளார்க் அமிர்தநாதன். யார் வாயைத் திறந்தாலும் எழுதுகிறவர். இடப்பக்கம் கம்ப்யூட்டர், அதன் பின்னால் கற்பகம்.

"கல்யாணம் எப்போ?" என்றார் பூபதிராஜா.

"முப்பத்தெட்டு வருசமாச்சுங்க. இவ பொறந்த ஊரு அக்கட்டால, தமிழ்நாட்டுப் பக்கம். அந்தப் பள்ளிவாசல்லதான் நிக்காஹ். அங்க இருந்த பழைய புஸ்தகத்தக் கறையான் தின்னுபோட்டுது. அதனால பள்ளிவாசல் நிர்வாகம் பாக்கற முத்தவல்லி சாட்சிங்களக் கூப்பிட்டு விசாரிச்சு, புதுசா எழுதிக் குடுத்தாருங்க."

பூபதிராஜா காகிதத்தை முன்னும் பின்னும் பார்த்தார். "இதுல தேதி போன மாசம் போட்டிருக்குது."

"காகிதம் எழுதுனது போன மாசமுங்க. கல்யாணம் அப்பவே."

"கல்யாணத்த நான் பாக்கல. காகிதத்தத்தான் பாக்கறேன். போன மாசம் கல்யாணம், இந்த மாசம் கிட்னி. நீங்களே சொல்லுங்க, இதக் கேட்டா யாருக்கும் சந்தேகம் வருமா வராதா?"

"எங்களுக்குப் பேரன் பேத்தி மூணு இருக்குதுங்க."

"போன மாசம் கல்யாணம் ஆனவங்களுக்கா?"

ஐசும்மா பையிலிருந்து மகள் ஹஸ்னாவின் பிறப்புச் சான்றை எடுத்து நீட்டினாள். அதில் தகப்பன் பெயரும் தாய் பெயரும் பளிச்சென்று இருந்தன.

"இது பெத்தவங்க யாருன்னு சொல்லுது. கட்டினவங்க யாருன்னு சொல்லலியே" என்றார் பூபதிராஜா. "அது கெடக்கட்டும். யாரு குடுக்கறது, யாரு வாங்கறது?"

"நாந்தானுங்க குடுக்கறேன்."

அமிர்தநாதனின் பேனா நின்றது. கற்பகம் கம்ப்யூட்டருக்கு மேலே தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"நீங்க? அவங்களுக்கு?" என்றார் பூபதிராஜா.

"ஆமாங்க."

பூபதிராஜா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். குரலும் இறங்கி, இதமாக வந்தது. "பெரியவரே, மனசுல வெச்சுக்காதீங்க. இந்த நாற்காலியில எனக்குப் பதினோரு வருசம். இருநூத்திச் சொச்சம் பைல் பாத்துட்டேன். பொண்டாட்டி புருசனுக்குக் குடுப்பா, அம்மா மகனுக்குக் குடுப்பா. அது இயற்கை. அதுக்கெல்லாம் நான் ஒரு கேள்வி கேட்டதில்ல, கையெழுத்துப் போட்டு அனுப்பிருவேன். புருசன் பொண்டாட்டிக்குன்னு ஒரு பைல் வந்ததே இல்ல. ஆம்பளை ஒருத்தன் ஒரு ஆதாயமும் இல்லாம தன் ஒடம்புல இருந்து ஒண்ண எடுத்துப் பொம்பளைக்குக் குடுப்பான்னு நம்பறதுக்கு இந்த ஆபீசுக்கு அதிகாரம் இல்ல."

நூர்தீன் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறினார். வெள்ளிக்கிழமைதோறும் பள்ளிவாசலில் கேட்ட பயான் பேச்சு அவர் வாயில் வந்து நின்றது.

"ஏனுங்க, மொதமொதல்ல குடுத்ததே ஆம்பளைதானுங்களே. ஆதம் நபியோட விலா எலும்புல இருந்துதான ஹவ்வா அம்மா வந்தாங்க?"

யாரும் சிரிக்கவில்லை. அமிர்தநாதன் எழுதினார். எழுதி முடித்து உரக்க வாசித்தார்: "ஆதம் என்பவர் ஹவ்வா என்பவருக்கு விலா எலும்பு ஒன்றைத் தானமாக வழங்கியதை முன்னுதாரணமாகக் காட்டி அபேட்சைதாரர் அனுமதி கோருகிறார். இங்க ஒரு கையெழுத்து."

"அது பேச்சுவாக்குல சொன்னதுங்க. அடிச்சுருங்க."

"அடிக்கறதுக்கு எங்களுக்கு வழியில்லீங்க. வேணும்னா இன்னும் ரெண்டு சேக்கலாம்."

"முன்னுதாரணம்னு ஒண்ணக் காட்டினா, காட்டினவங்கதான் நிரூபிக்கணும்" என்றார் பூபதிராஜா. "மொதல்ல அந்தப் பைல் முடியட்டும். அது முடிஞ்சாத்தான் உங்களுது. அடுத்த புதன்கெழமை வாங்க."

பத்தாம் தேதி போனபோது புதிதாக ஒரு பைல் தயாராக இருந்தது. மேலே சிவப்பு மையில் 'ஆதம் – ஹவ்வா, விலா எலும்பு சம்பந்தமாக' என்று எழுதியிருந்தது.

"கொடையாளி முழுப்பேர்?" என்றாள் கற்பகம்.

"ஆதம் அலைஹிஸ்ஸலாம்."

"ரெண்டாவது வர்றது அப்பா பேரா?"

"இல்லீங்கம்மா. அது துஆ. அவரு மேல சாந்தி உண்டாகட்டும்னு சொல்றது."

"அதுக்குக் கட்டமில்ல. இனிஷியல்?"

"அவருக்கு ஏதுங்க இனிஷியல்? அத்தா கெடையாது, அம்மா கெடையாது. மண்ணுல இருந்து படைச்சது."

"இனிஷியல் இல்லாம கம்ப்யூட்டர் எடுக்காதுங்க."

"எக்ஸ் போடும்மா" என்றார் பூபதிராஜா. "பொறகு திருத்திக்கலாம்."

நூர்தீன், பிழை பொறுக்கக் கேட்டு, உதட்டுக்குள் அஸ்தஃபிருல்லாஹ் சொல்லிக்கொண்டார். அந்த அறையில் அன்றைக்கு அவர் அதை எத்தனை தடவை சொன்னார் என்பது அவருக்கே தெரியாது.

"நிரந்தர விலாசம்?"

"சொர்க்கத்துத் தோட்டம்."

"சொந்தமா, வாடகையா?"

"குடியிருந்தாங்க. பொறகு இறக்கி விட்டுட்டாங்க. தின்னக் கூடாதுன்னு சொன்ன கனியத் தின்னுட்டாங்கல்ல."

"அப்போ வெளியேத்தின உத்தரவு இருக்கணுமே. அதுல ஒரு நகல் வாங்கி வெச்சிருங்க. இறங்கினது எங்க?"

நூர்தீன் ஐசும்மாவைப் பார்த்தார். ஐசும்மா வாயில் ஐஸ் துண்டு. அவள் கையை விரித்தாள். "ஆதம் நபி இலங்கையில, ஹவ்வா அம்மா ஜித்தாவுலன்னு பெரியவங்க சொல்லுவாங்க" என்றார் நூர்தீன்.

பூபதிராஜா நிமிர்ந்தார். பதினோரு வருடப் பழக்கத்தில் அவருக்கு ஒரு இழை கிடைத்துவிட்டது. "அமிர்தநாதா, எழுது. கணவன் மனைவி என்று சொல்லப்படுபவர்கள் ஒரே விலாசத்தில் வசிக்கவில்லை. ஒருவர் இலங்கை, ஒருவர் அரேபியா. ரெண்டு தேசத்துத் தூதரக முத்திரையும் வேணும்."

"அவங்க பொறகு ஒண்ணு சேந்துட்டாங்கங்க, மக்காகிட்ட அரபாத் மைதானத்துல" என்றார் நூர்தீன் அவசரமாக.

"சேந்ததுக்குப் பேப்பர்?"

"சார், இதுல வேற ஒரு சிக்கல் இருக்குது" என்றார் அமிர்தநாதன். அவர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். சந்தேகத்தை மனசில் வைத்திருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. "எங்க வேதத்துல, அவரு தூங்கிட்டு இருந்தப்பத்தான் எலும்ப எடுத்ததா இருக்கு."

"தூங்கறப்பவா? அப்ப சம்மதம்?"

"கையெழுத்து வாங்கினதா இல்ல சார்."

"சம்மதம் இல்லாம எடுத்த எலும்பு." பூபதிராஜா அதைச் சுவைத்துச் சொன்னார். "எடுத்தது யாரு?"

அமிர்தநாதன் விரலால் மேலே காட்டினார். மேலே மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"பேரில்லாம விட முடியாதே" என்றார் பூபதிராஜா.

"'இதரர்'னு ஒரு கட்டம் இருக்குதுங்க சார்" என்றாள் கற்பகம் மெதுவாக.

படைத்தவன் இதரர் ஆனான். நூர்தீன் வெளியே ஓடிவந்து வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் எட்டுத் தடவை நடந்தார்.

கீழே இறங்கும்போது ஐசும்மா சொன்னாள்: "விடுங்க மச்சான். எலும்பு குடுத்த மனுசனுக்கே இந்தப் பாடுன்னா, கிட்னி குடுக்கற ஆளுக்கு என்னவெல்லாம் இருக்குமோ."

"உனக்குச் சிரிப்பா இருக்குது."

"அழுதா கண்ணுல தண்ணி போகும். எனக்கு அளந்து குடுக்கற தண்ணி, அதையும் வீணாக்கச் சொல்றீங்களா?"

பன்னிரண்டாம் தேதி, அலுவலகச் சுவரில் நோட்டீசு ஒட்டினார்கள். 'எக்ஸ். ஆதம், ஹவ்வா ஆகிய இருவரே முதல் ஆணும் முதல் பெண்ணும் என்று பதிவு செய்யப்பட உள்ளது. ஆட்சேபணை இருப்பின் ஏழு நாட்களுக்குள் நேரில் தெரிவிக்கவும்.' விசாரணை பத்தொன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை. மறுநாள் சனிக்கிழமை காகிதம் ஆஸ்பத்திரியில் இருந்தாக வேண்டும். நூர்தீன் அந்த ஒரு வாரம் கடைக்கு முன்னால் நடந்து நடந்து மண்ணில் ஒரு தடமே போட்டுவிட்டார். சாக்கு வாங்க வந்தவர்கள் அதைத் தாண்டித்தான் உள்ளே வந்தார்கள்.

பத்தொன்பதாம் தேதி ஒரு ஆட்சேபணை வந்திருந்தது. கொடுத்தவர் செங்கோட்டையன், ரிட்டயரான மின்வாரியக்காரர், வெள்ளை வேட்டி, அக்குளில் பிளாஸ்டிக் கவர். புராணத்தின்படி முதல் ஆணும் பெண்ணும் மனுவும் சதரூபையும்தான் என்பது அவர் கட்சி. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர், ஐசும்மா மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வருவதைப் பார்த்ததும் எழுந்து இடம் விட்டார்.

"உங்களுக்கு எங்க மேல என்ன கோவமுங்க?" என்று கேட்டார் நூர்தீன்.

"கோவமா? உங்கள நான் இன்னைக்குத்தானுங்க பாக்கறேன். 'ஆட்சேபணை இருப்பின்'னு ஒரு நோட்டீசு ஒட்டறாங்க. ஊருல ஒருத்தன்கூட ஆட்சேபிக்கலீன்னா அந்த நோட்டீசுக்கு என்னங்க மருவாதி? ரோடு, பாலம், சாராயக்கடை, எது ஒட்டினாலும் நான் ஒண்ணு குடுத்துருவேன். பென்சன் வாங்கறமல்ல." பிறகு ஐசும்மாவின் முகத்தைப் பார்த்தார். "அம்மாவுக்கு மொகம் வீங்கியிருக்குது. தண்ணி அளந்து குடிக்கச் சொல்லியிருப்பாங்களே?"

"ஆமாங்க. எப்படித் தெரியும்?"

"எங்கூட்டுக்காரியும் இந்த நோவுலதான் போனா."

"கிட்னி குடுக்க யாருமில்லீங்களா?" என்றாள் ஐசும்மா.

"நான் குடுக்கலாம்னு இருந்தேன். என்னுது சேரும்னும் சொன்னாங்க. யோசிச்சேன். ஒரு வருசம் யோசிச்சுட்டே இருந்தேன்." பிளாஸ்டிக் கவரை ஒரு அக்குளிலிருந்து மறு அக்குளுக்கு மாற்றினார். "இருங்க, வர்றேன்."

நேராக உள்ளே போனார். "சார், என் ஆட்சேபணைய வாபஸ் வாங்கிக்கறேன்."

"வாங்கலாமே" என்றார் பூபதிராஜா. "வாபஸுக்குத் தனியா ஒரு அபேட்சை குடுங்க. வாபஸுக்கு யாருக்காவது ஆட்சேபணை இருக்குதான்னு ஏழு நாள் நோட்டீசு ஒட்டுவோம்."

செங்கோட்டையன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நோட்டீசைக் கண்டு பயந்தார். வெளியே வந்து சுவரோரமாக நின்றுகொண்டார்.

விசாரணை தொடங்கியது. பூபதிராஜா எழுந்து நின்றே பேசினார்.

"இந்த ஆபீசுக்கு மதம் கெடையாது. ஆதமும் எங்களுக்கு ஒண்ணுதான், மனுவும் ஒண்ணுதான். ரெண்டு பேருமே பேப்பர் குடுக்கல. அதனால ரெண்டு பேரையும் சமமாத்தான் சந்தேகப்படறோம். ஆனா மக்களுக்குச் சேவை செய்யத்தான நாம இருக்கோம்? ஆகவே என்ன முடிவு பண்ணியிருக்கேன்னா, 'ஆதம் அல்லது மனு, ஹவ்வா அல்லது சதரூபை, பொருந்தாததை அடித்துவிடவும்.' இப்படித் தற்காலிகமா பதிஞ்சுக்கலாம். இவங்களுக்கு முந்திப் பொறந்தவங்க யாரும் இந்த ஏழு நாளுக்குள்ள நேர்ல வந்து ஆட்சேபிக்கல. அதையும் கருதித்தான் இந்தச் சலுகை."

"அப்ப எங்க காகிதமுங்க?" என்றார் நூர்தீன்.

"அவசரப்படாதீங்க. அவங்களுக்கும் உங்களுக்கும் தொடர்பு காட்டணும். வம்சாவளி மரம். அது கம்ப்யூட்டர் பாத்துக்கும்."

கற்பகம் உச்சியில் முதல் இரண்டு பேரைப் போட்டாள். அடியில் நூர்தீனையும் ஐசும்மாவையும் போட்டாள். நடுவே வரிசையாகக் காலிக் கட்டங்கள்.

"உங்க அத்தாவோட பிறப்புச் சான்று?"

"அந்தக் காலத்துல ஏதும்மா? வைக்கோல் போர்ல பொறந்தாராம்."

ஒரு பொத்தானைத் தட்டினாள். டக். "அத்தாவோட அத்தா?"

"அவரு பேரு காதர் மீரான். மாட்டு வண்டி வெச்சிருந்தாரு."

"சான்று?"

டக்.

"ஆவணமில்லாத தலைமுறைய மரத்துல இருந்து எடுத்துரணும்னு சுற்றறிக்கை" என்றார் அமிர்தநாதன் வருத்தமாக. கற்பகம் தட்டிக்கொண்டே போனாள். நூர்தீனின் அம்மா, பாட்டி, ஐசும்மாவின் தகப்பனார், எல்லையைக் கால்நடையாகத் தாண்டி வந்தவர்கள், எங்கிருந்தோ குதிரை ஓட்டி வந்தார்கள் என்று சொல்லப்பட்டவர்கள், எல்லாரும் டக் டக்கென்று போனார்கள். கடைசியில் உச்சியில் இரண்டு பேர், அடியில் இரண்டு பேர். நடுவே ஒரு கோடு.

பிரிண்டர் கடகடத்துக் காகிதத்தைத் துப்பியது. கற்பகம் வாசித்தாள், வாசித்துவிட்டு மறுபடியும் வாசித்தாள்.

"சார். ரெண்டு பேருக்கும் தகப்பன் எக்ஸ். ஆதம் அல்லது மனு. தாய் ஹவ்வா அல்லது சதரூபை. உறவுமுறை, உடன்பிறந்தோர்."

பூபதிராஜாவின் முகம் மலர்ந்தது. இத்தனை நாளில் அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நூர்தீன் பார்த்ததில்லை. "அட, இத மொதல்லயே சொல்லியிருந்தா இத்தனை அலைச்சல் எதுக்கு? கூடப் பொறந்தவங்கன்னா நெருங்கிய ரத்தம். அந்தக் கட்டத்துல ஆணு பொண்ணுன்னு வித்தியாசமே கெடையாது. கல்யாணச் சான்றும் வேண்டாம். இங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க, இப்பவே முத்திரை வெச்சுத் தர்றேன்."

நூர்தீன் உட்கார்ந்துவிட்டார். மூன்று மாதத்தில் முதல் தடவையாக, யாரும் சொல்லாமல்.

"இதுல என்ன எழுதியிருக்குதுங்க?"

"மேற்படி ஐசும்மா என் உடன்பிறந்த தங்கை என்று உறுதி கூறுகிறேன்."

"முப்பத்தெட்டு வருசம் குடும்பம் நடத்துன பொம்பளைய என் தங்கச்சின்னு எழுதிக் கை வெக்கறதுங்களா? எங்க மார்க்கத்துல அது நாக்குல வந்தாலே குத்தமுங்க."

"உங்க இஷ்டம்" என்றார் பூபதிராஜா. "மணி நாலே முக்கால். அஞ்சு மணிக்குப் பூட்டிருவோம். நாளைக்கு ரெண்டாம் சனியில்ல, ஆனா எனக்கு லீவு."

நூர்தீனின் கையில் பேனா இருந்தது. ஐசும்மா பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, அவர் காதோரம் குனிந்தாள்.

"நாம யாருன்னு அல்லாவுக்குத் தெரியாதா? தெரியாதது இந்த மூணாவது மாடிக்குத்தான்."

"ஐசு..."

"எனக்குச் சாகப் பயமில்ல. உங்கள இப்படி நடக்க விட்டுட்டுச் சாகத்தான் பயம். இந்த மாதிரியே நடந்தீங்கன்னா பொள்ளாச்சிக்கே போயிருவீங்க." நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "போடுங்க மச்சான்."

அமிர்தநாதனின் பேனா நின்றது.

"அம்மா, இப்ப என்ன மொறை சொல்லிக் கூப்பிட்டீங்க?"

அறை முழுக்க அவளைப் பார்த்தது. கற்பகம் சட்டென்று கீழே குனிந்து எதையோ தேடுகிற மாதிரி இருந்துகொண்டாள். வாசலில் செங்கோட்டையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐசும்மா தன் இடது கையைப் பார்த்தாள். முழங்கைக்குக் கீழே புடைத்து, நீலம் பாரித்து, இனி ஒரு ஊசிக்கு இடமில்லாமல் கிடந்தது அது.

"வயசாச்சுங்க, நாக்குப் பொரளுது" என்றாள். பிறகு நூர்தீனின் பக்கம் திரும்பினாள். "போடுங்கண்ணா."

நூர்தீன் போட்டார். எழுத்து கோணலாக வந்தது. ஐசும்மா நிதானமாகத் தன் பெயரை எழுதினாள், புள்ளிகூட விடாமல். முத்திரை விழுந்தது.

படியிறங்கும்போது நூர்தீன் முன்னால் போனார். காகிதத்தைப் பனியனுக்குள் நெஞ்சோடு வைத்திருந்தார். முதல் திருப்பத்தில் நின்று திரும்பிப் பார்த்தார். அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேல்படியிலேயே நின்றிருந்தாள். அவர் மறுபடியும் ஏறிப் போனார். அவள் வலக்கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, இடுப்பை அணைத்துப் பிடித்து, ஒவ்வொரு படிக்கும் நின்று, அவள் மூச்சு வாங்கும் வரை காத்திருந்து, மெல்ல இறக்கிக் கூட்டிக்கொண்டு போனார்.

மேலே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்ற பூபதிராஜா, அமிர்தநாதனிடம் சொல்வது நூர்தீனுக்கு நன்றாகக் கேட்டது.

"பாத்தியா, எப்படித் தாங்கித் தாங்கிக் கூட்டிட்டுப் போறான்னு. மொத நாளே நான் சொன்னேனா இல்லையா? இது புருசன் பொண்டாட்டியே இல்லைன்னு."